பெர்ரி வகுப்புக் கப்பல்களும் அவற்றின் உதிரிபாகங்களும்

1999-ஆம் ஆண்டு துருக்கி அமெரிக்காவிடமிருந்து, பெர்ரி வகுப்பைச் சேர்ந்த (ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட கப்பல் வரிசையை வகுப்பு என்பார்கள்) ‘டங்கன்’ என்ற ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலைப் பெற்றுக்கொண்டது. 1980-இல் பணியில் சேர்ந்து 1994-இல் விலக்கப்பட்ட அந்தக் கப்பலை மீண்டும் கடலில் ஓட்டும் எண்ணம் வாங்கியவர்களுக்கும் இல்லை, விற்றவர்களுக்கும் இல்லை. துருக்கியிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த, இன்னும் வரவிருந்த அதே வகுப்புக் கப்பல்களுக்கு உதிரிபாகம் எடுப்பதற்காகவே அது கைமாறியது. பம்பு, வால்வு, மின் பலகை, ராடார் உறுப்பு என்று எது எந்தக் கப்பலில் பழுதானாலும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடமாக ஒரு முழுப் போர்க்கப்பலே வைக்கப்பட்டது.

வணிகக் கப்பல்களுக்கு உதிரிபாகம் வாங்கி அனுப்பும் கரைப்பணியில் நெடுங்காலம் இருந்தவன் நான். போர்க்கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போது பீரங்கியும் ஏவுகணையும் என் கண்ணில் இரண்டாவதாகத்தான் படும். இதற்குப் பாகம் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு வரும் என்பதே முதலில் தோன்றும் கேள்வி. அந்தக் கேள்வியோடு அணுகினால், ஆலிவர் ஹசார்ட் பெர்ரி வகுப்பைவிட நிறையக் கற்றுத்தரும் போர்க்கப்பல் வகுப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இந்தக் கப்பலைக் கட்டி முடித்துவிட்டு உதிரிபாக ஏற்பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த ஏற்பாட்டை நம்பித்தான் கப்பலையே வரைந்தார்கள்.

1970 முதல் 1974 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் அட்மிரல் எல்மோ ஸும்வால்ட். இரண்டாம் உலகப் போர்க்காலத்து நாசகாரிக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வயதாகிக் கழிந்துகொண்டிருந்த காலம் அது. விலை உயர்ந்த, எல்லாம் செய்யக்கூடிய சில கப்பல்கள்; விலை குறைந்த, போதுமான அளவுக்குச் செய்யக்கூடிய பல கப்பல்கள் என்று இரண்டையும் கலந்து கட்டுவதே அவர் கண்ட வழி. அந்த இரண்டாம் வரிசைக்காகப் பிறந்ததுதான் பெர்ரி வகுப்பு. வடிவமைப்பாளர்களுக்கு முதலிலேயே கடுமையான எல்லைகள் விதிக்கப்பட்டன: விலைக்கு ஓர் உச்சவரம்பு, இடப்பெயர்ச்சி (மிதக்கும் கப்பலின் எடை) 3,400 டன்னுக்குள், தங்க இடம் சுமார் 185 பேருக்கு மட்டும். எடை வரம்பு நிலைக்கவில்லை. பிற்காலத்தில் முழுச் சுமையோடு இவை 4,000 டன்னைத் தாண்டின. ஆட்களின் எண்ணிக்கையும் பின்னாளில் 200-ஐக் கடந்தது. ஆனால் அந்த முதல் எண்தான் கப்பலின் குணத்தைத் தீர்மானித்தது.

ஆள் குறைவு என்றால் கடலில் பழுதுபார்க்கக் கை குறைவு என்று பொருள். வணிகக் கப்பலில் நாங்கள் பழகிய முறையில், ஒரு டீசல் எஞ்சினின் பிஸ்டனையோ லைனரையோ மாற்ற வேண்டுமானால் எஞ்சின் அறைப் பணியாளர்களே செயின் பிளாக்கைக் கட்டி, அந்த இடத்திலேயே கழற்றி மாற்றிவிடுவார்கள். பெர்ரி வகுப்பின் திட்டம் இதற்கு நேர்மாறானது. கப்பலில் இருப்பவர்கள் அன்றாடப் பராமரிப்பை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்; பழுதான கருவியை முழுதாகக் கழற்றி, அதே இடத்தில் நல்ல கருவி ஒன்றை மாட்டிவிட்டு, கழற்றியதைக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். கரையில் அதைச் சீர்செய்து பொதுக் கையிருப்பில் வைத்துவிட்டால், அடுத்த முறை அது எந்தக் கப்பலுக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. நீண்ட காலம் கப்பலை உலர்துறையில் நிறுத்தி மொத்தமாகப் புதுப்பிக்கும் வழக்கத்துக்குப் பதிலாக, குறுகிய இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணிகளை முடிப்பதும் இதே திட்டத்தின் பகுதிதான்.

இந்த முறையின் மிகத் தெளிவான வடிவம் எஞ்சின். பெர்ரி கப்பலில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எல்.எம்.2500 கேஸ் டர்பைன்கள் இரண்டு, 41,000 குதிரைத்திறனை, புரொப்பெல்லரைச் சுழற்றும் ஒரே ஷாஃப்டுக்கு அளிக்கின்றன. கனரக விமானங்களுக்கான எஞ்சின் குடும்பத்திலிருந்து கடலுக்கு இறங்கிவந்த இயந்திரம் இது. 16 அடுக்குக் கம்ப்ரசர், அதன் பின்னால் எரிகலம், அதற்குப் பின் இரண்டு அடுக்கு உயரழுத்த டர்பைன். இவை மூன்றும் சேர்ந்தது கேஸ் ஜெனரேட்டர். அது தள்ளும் வெப்பக் காற்றில் சுழன்று ஷாஃப்டை இயக்கும் ஆறு அடுக்குப் பவர் டர்பைன் தனி. இவை அனைத்தும் ஒலியையும் வெப்பத்தையும் அடக்கும் ஒரு பெட்டிக்குள் இருக்கும். கம்ப்ரசரின் இறகுகளில் உப்பு படியும் என்பதால் அவ்வப்போது நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். போரோஸ்கோப் என்ற மெல்லிய பார்வைக் குழாயை உள்ளே விட்டு இறகுகளில் விரிசலோ தேய்வோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பலில் செய்வது பெரும்பாலும் அவ்வளவுதான்.

கேஸ் ஜெனரேட்டரை மாற்றும் விதத்தை ஒருமுறை கற்பனை செய்து பார்க்கலாம். டர்பைன் காற்றை இழுக்கும் அகன்ற குழாய், எஞ்சின் அறையிலிருந்து மேல்தளம் வரை ஏறிச் செல்கிறது. எஞ்சின் வெளியே வரும் பாதையும் அதுவே. எரிபொருள், உராய்வு எண்ணெய், மின் இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் தற்காலிகத் தண்டவாளங்களைப் பொருத்துகிறார்கள். கேஸ் ஜெனரேட்டர் பவர் டர்பைனிலிருந்து விடுபட்டு முன்னோக்கி நகர்கிறது; பின் தண்டவாளத்தின் வளைவில் மெல்ல நிமிர்ந்து, செங்குத்தாக நின்ற நிலையில் கரையிலுள்ள கிரேனின் கொக்கியில் தொங்கியபடி குழாய் வழியே மேலேறுகிறது. புதியது அதே வழியில் கீழிறங்குகிறது. கப்பலின் பக்கத் தகட்டை வெட்ட வேண்டியதில்லை, உலர்துறை வேண்டியதில்லை, சில நாள்களில் வேலை முடிந்துவிடும். தளங்களை வெட்டித் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்த கப்பல்களைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்று புரியும்.

இன்னொன்றும் உண்டு. இதே எல்.எம்.2500 எஞ்சின் ஸ்ப்ரூயன்ஸ் வகுப்பு நாசகாரிகளிலும், டைகாண்டரோகா குரூசர்களிலும், பின்னர் ஆர்லி பர்க் வகுப்பிலும் கப்பலுக்கு நான்கு என்ற கணக்கில் பொருத்தப்பட்டது. ஆகவே பெர்ரிக்கென்று தனியாக எஞ்சின் கையிருப்பு தேவைப்படவில்லை. உலகின் பல கடற்படைகளும் இதையே எடுத்துக்கொண்டன. இந்தியாவின் ஷிவாலிக் வகுப்பிலும் புதிய விக்ராந்த் விமானந்தாங்கியிலும் இருப்பது இந்தக் குடும்பத்து எஞ்சின்தான். பெர்ரி வகுப்பு முழுவதும் மறைந்துபோனாலும் அதன் எஞ்சினுக்குப் பாகம் கிடைத்துக்கொண்டே இருக்கும். கப்பலின் இதயம் கடைசி வரை காப்பாற்றப்பட, மற்ற உறுப்புகள்தான் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன.

உதிரிபாகத்தைக் கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வணிகக் கப்பல் உலகத்தில் இருந்து வருபவருக்கு முதலில் வியப்பளிப்பது அதுதான். நாங்கள் எஞ்சின் தயாரிப்பாளர் தந்த பாக எண்ணைச் சொல்லி வாங்குவோம். தயாரிப்பாளர் மாறினால் எண்ணும் மாறும். நேட்டோ நாடுகளின் முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்கங்கள் கொண்ட ஒரே கையிருப்பு எண் உண்டு. முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகையைச் சொல்லும்: 5330 என்றால் கேஸ்கெட், சீல் போன்றவை, 2835 என்றால் விமானம் அல்லாத பயன்பாட்டுக்கான கேஸ் டர்பைன், 5960 என்றால் எலெக்ட்ரான் குழல்கள். அடுத்த இரண்டு இலக்கங்கள் எந்த நாடு அந்த எண்ணை வழங்கியது என்பதைக் காட்டும்: அமெரிக்காவுக்கு 00, 01, பிரிட்டனுக்கு 99, ஆஸ்திரேலியாவுக்கு 66, ஸ்பெயினுக்கு 33. மீதி ஏழு இலக்கங்கள் அந்தப் பொருளுக்கே உரியவை. யார் தயாரித்திருந்தாலும், ஒரே அளவும் தரமும் இருந்தால் ஒரே எண். கிடங்கில் ஈரம் புகாதபடி ஒட்டப்பட்ட பழுப்பு உறை ஒன்றை எடுத்துப் பார்த்தால் இந்த எண், பொருளின் பெயர், ஒப்பந்த எண் ஆகியவற்றோடு, ரப்பர் வளையமாக இருந்தால் அது எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் பதப்படுத்தப்பட்டது என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் காலாண்டிலிருந்து எண்ணி, குறித்த காலம் கடந்துவிட்டால், ஒருநாளும் பயன்படாத வளையமும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். உதிரிபாகம் கிடங்கில் தூங்கும்போதும் வயதாகிறது என்பதைக் கணக்கர்களுக்கு விளக்குவது எந்தக் கடற்படையிலும் எந்தக் கம்பெனியிலும் எளிதல்ல.

எந்தப் பாகம் எத்தனை கப்பலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. சுருக்கமாகக் கோசால் என்பார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் பாகங்கள் அடங்கிய தாள் ஒன்று. எது எவ்வளவு அடிக்கடி கெடுகிறது, கெட்டால் கப்பலின் பணி நிற்குமா என்ற இரண்டையும் வைத்து எண்ணிக்கை முடிவாகும். சில பாகங்கள் கெடுவதே அரிது, ஆனால் கெட்டால் கப்பல் நின்றுவிடும் என்பதால் ஒன்றை மட்டும் வைத்திருப்பார்கள். பட்டியலில் இருந்தும் கையில் இல்லாத பாகம், பட்டியலிலேயே இல்லாத பாகம் இரண்டுக்கும் சேர்த்துத்தான், பழுதைக் கடற்படைக்கு அறிவிக்கும் காஸ்ரெப் என்ற செய்தி பறக்கும். அது பறந்த பின்னும் பாகம் வராவிட்டால் பக்கத்தில் கட்டியிருக்கும் சகோதரிக் கப்பலில் கழற்றி இங்கே மாட்டுவார்கள். ஒரே வகுப்பில் பல கப்பல்கள் இருப்பதன் பயனும் இதுதான், சோதனையும் இதுதான். கழற்றும் வேலை இரட்டிப்பாகும். கழற்றும்போது நல்ல இணைப்பு ஒன்று கெடலாம். பழுது தீர்வதில்லை, இடம் மாறுகிறது. நிரந்தரமாக நிறுத்தப்பட்ட கப்பலிலிருந்து எடுப்பதில் இந்தக் கடைசிச் சிக்கல் மட்டும் இல்லை. ஆனால் அங்கிருந்து வரும் பாகமும் பழுதான பாகத்தின் வயதுதான்.

பெர்ரி வகுப்பைக் குறை கூறியவர்கள் வழக்கமாக இரண்டு ஒற்றைகளைச் சுட்டுவார்கள்: ஒற்றை ஷாஃப்ட், முன்தளத்து ஒற்றைக் கை ஏவுகணை செலுத்தி. முதல் குறைக்கு வடிவமைப்பாளர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: கப்பலின் முன்பகுதிக்கு அடியில், வேண்டும்போது இறக்கக்கூடிய 350 குதிரைத்திறன் மின் உந்திகள் இரண்டு. பார்க்க விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும் அந்த உந்திகளின் மதிப்பு 1988 ஏப்ரல் 14 அன்று பாரசீக வளைகுடாவில் தெரிந்தது. ‘சாமுவேல் பி. ராபர்ட்ஸ்’ கப்பல் ஈரானியக் கண்ணிவெடியில் மோதியது. கப்பலின் ஏரா (அடித்தண்டு) முறிந்தது, சுமார் 4.6 மீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. எஞ்சின் அறையில் நீர் புகுந்தது. இரண்டு டர்பைன்களும் தங்கள் தாங்கிகளிலிருந்து பெயர்ந்தன. பிரிந்துகொண்டிருந்த மேற்கட்டுமானத்தை இரும்புக் கயிறுகளால் இழுத்துக் கட்டினார்கள். கண்ணிவெடிகளுக்கு இடையிலிருந்து கப்பல் அந்தச் சிறு உந்திகளால்தான் ஊர்ந்து வெளியேறியது. பத்துப் பேர் காயமடைந்தார்கள், யாரும் இறக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என் போன்றவர்களை ஈர்க்கும் பகுதி. ‘மைட்டி சர்வன்ட் 2’ என்ற பாரந்தூக்கிக் கப்பலின் முதுகில் ஏற்றி ராபர்ட்ஸை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கட்டிய பாத் அயர்ன் வொர்க்ஸ் தளத்தார், சிதைந்த எஞ்சின் அறையைத் துண்டு துண்டாகத் திருத்த முயலாமல், 300 டன்னுக்கும் மேற்பட்ட புதிய எஞ்சின் அறைப் பகுதியை முழுதாகக் கட்டி, மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் உலர்துறையில் கிடந்த கப்பலின் வயிற்றில் வெட்டி எடுத்த இடத்தில் தூக்கிப் பொருத்திப் பற்றவைத்தார்கள். செலவு 8 கோடியே 95 லட்சம் டாலர். கட்டும்போதே பகுதி பகுதியாகக் கட்டப்பட்ட கப்பல், அந்த வகுப்பின் கட்டுமானம் இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடாத காலம், வரைபடங்களும் ஆட்களும் கைவசம் இருந்த தளம் என்ற மூன்றும் கூடியதால்தான் இது இயன்றது. பத்தாண்டு கழித்து அதே விபத்து நடந்திருந்தால் அந்தக் கப்பலே டங்கனைப் போல மற்றவற்றுக்குப் பாகமாகியிருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டாவது ஒற்றையின் கதை வேறு. மார்க் 13 என்ற அந்தச் செலுத்தி, கீழே உள்ள வட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வொரு ஏவுகணையாக எடுத்து ஏவும். மொத்தம் 40, அவற்றில் பெரும்பான்மை எஸ்.எம்.-1 விமான எதிர்ப்பு ஏவுகணைகள், நான்கு ஹார்ப்பூன் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள். அந்தக் கை மடங்கினால் கப்பலின் ஏவுகணை வலிமை முழுதும் மடங்கும் என்று சொன்னவர்கள் பயந்தது இயந்திரக் கோளாறைப் பற்றி. நடந்ததோ, கை நன்றாக இருக்கும்போதே ஏவுகணை போய்விட்டது. அமெரிக்கக் கடற்படை எஸ்.எம்.-1-ஐத் தன் பயன்பாட்டிலிருந்து விலக்க முடிவுசெய்ததும், 2003 முதல் செலுத்திகள் ஒவ்வொரு கப்பலிலிருந்தும் கழற்றப்பட்டன. பல கப்பல்களில் அந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்று வந்து அமர்ந்தது. ஏவுகணை ஃபிரிகேட் என்று கட்டப்பட்டவை ஏவுகணை இல்லாமல் கரீபியக் கடலில் போதைப்பொருள் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு தம் கடைசிப் பத்தாண்டைக் கழித்தன. 2015 செப்டம்பரில் கடைசிக் கப்பலான ‘சிம்ப்சன்’ விலக்கப்பட்டது. ஆனால் அதே எஸ்.எம்.-1-ஐ நம்பியிருந்த வேறு கடற்படைகளுக்கு அப்போதும் மார்க் 13 தேவைப்பட்டது.

மொத்தம் கட்டப்பட்டவை 71: அமெரிக்காவுக்கு 51, ஆஸ்திரேலியாவுக்கு 6, ஸ்பெயினுக்கு 6, தைவானுக்கு 8. கடைசி இரு நாடுகளும் தங்கள் தளங்களிலேயே கட்டின. பின்னர் பழைய அமெரிக்கக் கப்பல்கள் துருக்கி, எகிப்து, போலந்து, பஹ்ரைன், பாகிஸ்தான், தைவான் ஆகிய நாடுகளுக்குப் போயின. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வகுப்பு. கிடங்கிலிருந்து பார்த்தால் அப்படியல்ல. முதலில் கட்டியவற்றைவிடப் பின்னர் கட்டியவற்றின் பின்புறம் பெரிய ஹெலிகாப்டருக்காக நீட்டப்பட்டது. ஸ்பெயின், நெருங்கிவரும் ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தும் துப்பாக்கியாகத் தன் சொந்த மெரோகாவை வைத்தது. தைவான் தன் ஷியுங் ஃபெங் ஏவுகணைகளைப் பொருத்தியது. துருக்கி போர் மேலாண்மைக் கணினியையே ஜெனிசிஸ் என்ற சொந்த அமைப்பாக மாற்றி, நான்கு கப்பல்களில் செங்குத்தாக ஏவும் மார்க் 41 அறைகளையும் சேர்த்தது. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நாட்டுக்கு நியாயமானதே. ஆனால் ஒவ்வொன்றும் பொதுக் கையிருப்பிலிருந்து அந்த நாட்டை ஓர் அடி விலக்கியது.

ஆஸ்திரேலியா செய்ததைச் சிலர் வீண் என்பார்கள். எனக்கு அது கடினமான ஆனால் நேர்மையான கணக்காகவே படுகிறது. ஆறு கப்பல்களையும் மேம்படுத்தத் தொடங்கிய திட்டம் காலத்திலும் செலவிலும் இழுத்துக்கொண்டே போனதால், மிகப் பழைய இரண்டை, 2005-இல் ‘கான்பெரா’வையும் 2008-இல் ‘அடிலெய்ட்’ஐயும் விலக்கிவிட்டு, மீதி நான்கில் கவனம் வைத்தது. விலக்கப்பட்ட இரண்டும் சுத்தப்படுத்தப்பட்டு முக்குளிப்போருக்காகக் கடலில் அமிழ்த்தப்பட்டன. நான்கும் மார்க் 13-ஐ வைத்துக்கொண்டே மார்க் 41 அறைகள் எட்டையும் பெற்றன. அவற்றில் ‘மெல்பர்ன்’, ‘நியூகாஸில்’ இரண்டையும் 2020-இல் சிலி வாங்கிக்கொண்டது. பழைய அமெரிக்கக் கப்பலை வாங்கியவர்களைவிட நல்ல கப்பல் சிலிக்குக் கிடைத்தது. ஆனால் அந்த மேம்பாடு ஆஸ்திரேலியாவின் நான்கு கப்பல்களில் மட்டுமே செய்யப்பட்டது என்பதால், அந்தப் பகுதிகளுக்கு உலகில் இருக்கும் மொத்தச் சகோதரிகள் மிகச் சிலரே.

ஃபிலடெல்ஃபியாவிலும் பிரெமர்டனிலும் வரிசையாகக் கட்டிவைக்கப்பட்ட பெர்ரிகளிடம் இத்தனை நாடுகளும் கண் வைத்திருந்ததில் வியப்பில்லை. விற்பனைக்கு ஒதுக்கிய கப்பலைக் கெடாமல் வைக்க வேண்டும். பாகத்துக்கு ஒதுக்கியதைப் பட்டியலிட்டுக் கழற்ற வேண்டும். இலக்காக ஒதுக்கியதை வெறுமையாக்கி எண்ணெயும் நச்சும் நீக்க வேண்டும். 2016-இல் பசிபிக் பயிற்சியில் இலக்கான ‘தாக்’ ஏவுகணைகளையும் குண்டுகளையும் தாங்கிக்கொண்டு பல மணி நேரம் மிதந்தபோது எல்லோரும் அதன் உடலுறுதியைப் புகழ்ந்தார்கள். உள்ளே எரிபொருளோ வெடிமருந்தோ இல்லாத கூடு அது என்பதையும் சேர்த்துத்தான் அந்தப் புகழைப் படிக்க வேண்டும்.

2024-இல் பஹ்ரைன் தன் இரண்டாவது பெர்ரியைப் பெற்றது: 1984-இல் பணியில் சேர்ந்து 2014-இல் விலக்கப்பட்ட ‘ராபர்ட் ஜி. பிராட்லி’, இப்போது ‘காலித் பின் அலி’. அதன் டர்பைன்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒவ்வொன்றும் 1,000 கிலோவாட் தரும் நான்கு டீசல் ஜெனரேட்டர்கள், எஸ்.பி.எஸ்.-49 ராடாரின் கிளைஸ்ட்ரான் என்ற எலெக்ட்ரான் குழல், ஐந்து இறகுகளின் சாய்வை மாற்றும் புரொப்பெல்லர் மையத்தின் சீல்கள் ஆகியவற்றுக்கான பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள், அதில் எத்தனை வரிகளுக்கு எதிரே இன்னும் ஒரு தயாரிப்பாளரின் பெயர் இருக்கிறது என்பதைத்தான் அந்தக் கப்பலின் தலைமைப் பொறியாளர் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார்.